எங்களுக்கும் கத்தோணும்

கனடாவில இருக்கிற மச்சான்மார் கோடை வந்தால் வொண்டர்லாண்ட் படம் அனுப்புவினம். 'எங்கட பக்கமும் இப்பிடி ஒன்று வந்தால் என்ன?' என்று துணுக்காயில் கேட்டுப் பாருங்கள். "முதல்ல ரோட்டைப் போடட்டும்" என்று உடனே பதில் வரும். லீவில வந்து போற பெரியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். தங்கட பிள்ளைகளுக்கு அங்க சீசன் பாஸ் எடுத்துக் குடுத்திட்டு வந்தவர்கள்!

ரோட்டும் வேணும், ஆஸ்பத்திரியும் வேணும். அதுக்காகச் சந்தோஷத்தைக் கியூவில கடைசி ஆளாக நிற்பாட்டச் சொன்னது ஆர்? 2009இல் பிறந்த பிள்ளைகள் ஓ.எல். வயசுக்கு வந்திட்டினம். அவர்களுக்கு இருப்பது ரியூசன், கோயில் திருவிழா, வவுனிக்குளக் கட்டு. வன்னிச் சனம் எதையும் தாங்கும் என்று புகழுகிறீர்களே, அது ஒன்றும் தராமல் விடுவதற்கு நல்ல சாட்டு.

93 மீற்றர் உயர லெவியாதனை நாங்கள் கேட்கேல்ல. அதே பூங்காவில் 1999இல் இருந்து 'த ஃபிளை' ஓடுகிறது. 'வைல்ட் மவுஸ்' வகை, உருக்குத் தண்டவாளம், பெட்டிக்கு நாலு பேர். பாதையை ஒன்றின்மேல் ஒன்றாக மடிச்சு அடுக்கியிருப்பதால் சின்னக் காணி காணும். சங்கிலி உச்சிக்கு இழுத்துவிடும், பிறகு எல்லாம் புவியீர்ப்புதான். வேகம் பெரிசில்லை. ஆனால் பெட்டியின் முன்பக்கம் சில்லுகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால், வளைவில் அந்தரத்துக்குள்ள போய் விழப்போறம் என்றே தோன்றும். காசு அந்த ஒரு கணத்துக்குத்தான்.

ஆபத்து என்பீர்கள். உண்மைதான். 2016 மே மாதம் சென்னை கிஷ்கிந்தாவில் புது ராட்டினம் ஒன்றைச் சோதிக்கும்போதே உடைந்து ஊழியர் ஒருவர் செத்தார். 2019 யூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் முறிந்து ஆட்கள் செத்தார்கள். அதனால்தான் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரமும் பரிசோதனையும் இல்லாமல் குதிரை ராட்டினம்கூடச் சுத்தேலாது. இங்க? திருவிழாவுக்கு லொறியில் வந்து இறங்கி, அவசரமாகப் பூட்டின ராட்டினத்தில் பிள்ளையை ஏத்திவிட்டு நாங்கள் கச்சான் கொறிக்கிறம். போல்ட்டை இறுக்கினது ஆர், பார்த்துக் கையெழுத்து வைச்சது ஆர் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறம்? அதைக் கேட்காத வாய்தான் ரோலர் கோஸ்டர் ஆடம்பரம் என்கிறது.

பிரதேச சபைக்கு வோட்டுக் கேட்டு வாறவையிட்ட அடுத்தமுறை இரண்டையும் ஒன்றாகவே கேளுங்கோ. திருவிழா ராட்டினத்தைச் சோதிக்கப் போறது ஆர்? எங்கட பெடியளும் பெட்டையளும் கத்திச் சிரிக்க எந்தக் காணியைத் தரப்போறியள்?