பாடகர் பயிற்சியில் மொழிப் பாடம் எங்கே?

கருநாடக இசைப் பாடகர் ஒருவர் இரண்டரை மணி நேரக் கச்சேரியில் குறைந்தது மூன்று மொழிகளில் பாடுகிறார். தெலுங்கு, வடமொழி, தமிழ் ஆகிய மூன்றும் இடம்பெறாத கச்சேரி அரிது. கன்னடமும் மலையாளமும் மராட்டியும் துக்கடாக்களில் வந்து சேரும். இவற்றுள் எத்தனை மொழிகளை அவர் முறையாகக் கற்றிருக்கிறார் என்று கேட்டால், பெரும்பாலானோர் தம் தாய்மொழியை மட்டுமே சொல்வர். சுரம், தாளம், கமகம், மனோதர்மம் ஆகியவற்றுக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் பயிற்சி உண்டு. சாகித்தியத்தின் மொழிக்கோ தனிப்பயிற்சி இல்லை. மெட்டோடு சேர்ந்து சொற்களும் காதுவழி வந்துவிடும் என்பது நம் நம்பிக்கை.

ஆயினும் மேடை ஏறியதும் அவருடைய உச்சரிப்பு மதிப்பிடப்படுகிறது. விமரிசகர் ‘சாகித்திய சுத்தம்’ பற்றி ஒரு வரி எழுதாமல் விடுவதில்லை. போட்டி நடுவர்களும் சபாக்களின் முதல் வரிசை இரசிகர்களும் அதைக் கவனிக்கிறார்கள். கற்பிக்கப்படாத ஒன்று தேர்வில் கேட்கப்படும்போது, அது வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய சொத்தாகிவிடுகிறது. இப்பதிவில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: உச்சரிப்பு பாடகரின் பரம்பரைச் சொத்தாக இருக்கக் கூடாது, பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

மொழியியல் படித்தவர்களுக்கு இச்சிக்கலின் தன்மை எளிதில் விளங்கும். வடமொழியில் ‘கர’ என்பது கை. அதே சொல்லின் முதல் மெய்யை மூச்சொலியாக்கினால் கழுதை. ஒலிப்புடை ஒலியாக்கினால் நஞ்சு. தமிழ் எழுத்தில் மூன்றும் ‘கர’தான். இதனால்தான் தமிழில் அச்சான கீர்த்தனை நூல்கள் க², க³ என்று எண்களை மேலே இட்டு எழுதுகின்றன. எண்ணைப் பார்த்துப் படிக்கலாம்; ஆனால் அந்த எண் குறிக்கும் ஒலியை வாயில் எவ்வாறு உண்டாக்குவது என்பதை யாரேனும் கற்பித்திருந்தால்தான் அது பயன்படும்.

மலையாளிகளுக்கு அந்த எழுத்துகள் எல்லாம் உண்டு. அவர்களுக்குச் சிக்கலில்லை என்று எண்ணிவிட வேண்டாம். சொல்லின் முதலில் க³, ஜ, த³, ப³, ய, ர, ல ஆகியவற்றை அடுத்து வரும் அகரம் மலையாளப் பேச்சில் எகரத்தை நோக்கி நகர்கிறது. திருவனந்தபுரத்தில் லெக்ஷ்மிகளும் ரெம்யாக்களும் நிறைந்திருப்பதன் காரணம் அதுவே. வடசொற்களில் வரும் தகர ஒற்று லகரமாவதும் உண்டு: உத்ஸவம் ‘உல்சவம்’ ஆகும், வத்ஸலா ‘வல்சலா’ ஆவார். தமிழருக்கு வேறொரு வழக்கம்: மெல்லினத்தை அடுத்த வல்லினத்தை நாம் எப்போதும் ஒலிப்புடையதாகவே சொல்கிறோம். இவ்வூரின் பெயரில் வரும் ‘அனந்த’வையே மலையாளி வல்லோசையோடும் தமிழர் ஒலிப்போடும் சொல்வதைத் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று கேட்கலாம். இரண்டும் அவ்வம்மொழியின் இலக்கணப்படி சரியே. பத்மநாபனைப் பற்றிய வடமொழிக் கிருதியில் அச்சொல் வரும்போது மட்டும், தமிழ் வாய்க்கு ஒரு பயிற்சி தேவைப்படுகிறது.

எழுத்தைத் திருத்தினால் எல்லாம் தீர்ந்துவிடாது. தெலுங்கில் சகர எழுத்து வடசொற்களில் ஒருவிதமாகவும், ‘மிகவும்’ என்று பொருள்படும் ‘சாலா’ போன்ற சொந்தச் சொற்களில் ‘த்ஸ’ என்றும் ஒலிக்கிறது. எழுத்து ஒன்றே. எது வடசொல், எது தெலுங்குச் சொல் என்று அறிந்தவருக்கே ஒலிப்பு தெரியும். அதாவது, தேவைப்படுவது மொழியறிவு. நிரவலில் இத்தேவை இன்னும் கூர்மையாகிறது. ஒரே அடியைத் தாளத்தின் வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, நீட்டி, மடக்கிப் பாடும்போது, சொல் எங்கே முடிகிறது என்று தெரியாதவர் சொல்லின் நடுவே மூச்சு விடுவார். பொருள் அங்கே முறிந்துபோகும்.

மேலைநாட்டு ஆபரா பாடகரின் பயிற்சியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்குள்ள இசைக் கல்லூரிகளில் இத்தாலியம், செருமானியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் ஒலிப்பு தனித்தனிப் பாடங்கள். மாணவர்கள் பன்னாட்டு ஒலிப்பெழுத்துகளைக் கற்று, பாடலை முதலில் அவற்றில் எழுதிப் பார்க்கிறார்கள். ஆபரா அரங்குகளில் ஒலிப்புப் பயிற்றுநர் என்பது சம்பளத்துக்குரிய ஒரு வேலை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் அப்பணியைச் செய்த நீக்கோ காஸ்டெல், முதன்மையான ஆபரா நாடகங்களின் பனுவல்களைச் சொல்லுக்குச் சொல் பொருளும் ஒலிப்பெழுத்தும் இட்டு வரிசையாக வெளியிட்டார். கொரியாவில் பிறந்த சூமி ஜோ 1983இல் உரோமுக்குச் சென்று சாந்தா செசீலியா இசைக்கல்லூரியில் பயின்று, 1986இல் இத்தாலிய மேடையிலேயே அரங்கேறினார். மொழியைக் கற்றுக்கொள்ள வழி இருந்ததால், அவர் பிறந்த வீட்டின் மொழி அவருக்குத் தடையாகவில்லை.

நமக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்வைப் பற்றி ஃபிலிப் கிளாஸ் அமைத்த ‘சத்தியாகிரகம்’ என்னும் ஆபரா 1980இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் அரங்கேறியது. பகவத்கீதையிலிருந்து எடுக்கப்பட்ட அதன் பாடல்கள் முழுவதும் வடமொழியில் உள்ளன. 2018இல் லாஸ் ஏஞ்சலிசில் அதில் காந்தியாகப் பாடியவர், இலங்கை வழிவந்த பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஷான் பணிக்கர். இன்றும் அமெரிக்கப் பாடகரும் ஐரோப்பியப் பாடகரும் அந்த ஆபராவுக்காக வடமொழி ஒலிப்பைப் பாடமாகக் கற்கிறார்கள். வடமொழிக் கிருதிகளை வாழ்நாள் முழுவதும் பாடும் நம் மாணவர்களுக்கு அப்படியொரு பாடம் வேண்டாமா?

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, இசைக்கு நாதமே உயிர், சொல் வெறும் ஊர்தி என்பது. இராக ஆலாபனைக்கு அது பொருந்தும். வீணைக்கும் நாகசுரத்துக்கும் பொருந்தும். கிருதிக்குப் பொருந்தாது. அதன் அடிகள் எதுகையாலும் மோனையாலும் தாளத்தோடு பிணைக்கப்பட்டவை. மேலும், திருவனந்தபுரத்துக்கு இவ்வாதம் சற்றும் ஏற்றதன்று. சுவாதித் திருநாள் (1813–1846) வடமொழி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி என ஐந்து மொழிகளில் பாடல் இயற்றினார். அவற்றுள் பலவற்றின் பழைய மெட்டுகள் மறைந்துபோயின. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் இருபதாம் நூற்றாண்டில் அவற்றுக்கு மீண்டும் இசையுரு தந்தனர். அத்தகைய பாடல்களில் அரசர் காலத்திலிருந்து மாறாமல் வந்திருப்பது சாகித்தியம் மட்டுமே. அதை மங்கலாகச் சொல்லிவிட்டு மரபைக் காக்கிறோம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவது மறுப்பு என் துறையிலிருந்தே வரக்கூடும்: எந்த ஒலிப்பும் இழிந்ததன்று என்று சொல்லும் மொழியியலார், உச்சரிப்பைத் திருத்த முனையலாமா? நான் திருத்தச் சொல்லவில்லை, கற்பிக்கச் சொல்கிறேன். ‘உல்சவம்’ என்பது மலையாளத்தின் ஒலியனியல் விதி. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அவ்விதி தன் வாயில் செயல்படுவதை அறிந்த பாடகர் அதைக் கையாளவோ விலக்கவோ உரிமை பெறுகிறார். அறியாதவர் ‘சுத்தம் இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கப்படுகிறார். ‘சுத்தம்’ என்னும் அச்சொல் நம் சமூகத்தில் வேறு எங்கெல்லாம் யாரை வெளியே நிறுத்தப் பயன்பட்டது என்பதையும் நாம் மறந்துவிட முடியாது.

உண்மையான இழப்பு இங்கேதான் இருக்கிறது. வடமொழியும் தெலுங்கும் புழங்கும் வீட்டில் பிறந்த குழந்தையின் உச்சரிப்பைப் பாட்டி அடுப்படியிலிருந்தே திருத்திவிடுவார். முதல் தலைமுறையாக இசை கற்க வரும் மாணவருக்கு அந்தப் பாட்டி இல்லை. அவருக்குக் கல்லூரிதான் உண்டு. 1939இல் முத்தையா பாகவதரின் தலைமையில் இங்கு இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது, குருவின் வீட்டுக்குள் இருந்த கல்வியைப் பொதுவாக்கியது. அங்குச் சேர்ந்த முதல் மாணவி பாறசாலை பொன்னம்மாள். நவராத்திரி மண்டபத்தில் பாடும் முதல் பெண்ணாக அவர் மேடையேறியது 2006இல். கல்வியின் கதவு திறந்த பின்னும் மேடையின் கதவு அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூடியிருந்தது. அந்தக் கதவு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் அதைச் சுட்டிப் பேச முடிந்தது. உச்சரிப்பு என்னும் கதவு கண்ணுக்குத் தெரியாது. மூடப்பட்டவர் தம் திறமைக் குறைவே காரணம் என்று எண்ணித் திரும்பிவிடுவார்.

தமிழிசை இயக்கத்தார் 1940களில், கேட்பவருக்குப் புரியும் மொழியில் பாடுங்கள் என்றனர். நியாயமான கோரிக்கை. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் இடம் கிடைத்தது. ஆனால் பாடுபவருக்குப் புரிகிறதா என்ற மறுபாதிக் கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு எந்த மொழிப் பாடலையும் கைவிட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. முதலாண்டில் பாடகர்களுக்கென ஓர் ஒலிப்பியல் தாள் வேண்டும். ஒவ்வொரு கிருதியையும் மெட்டுக்கு முன் பதம் பிரித்து, பொருள் சொல்லி, பேச்சாக வாசிக்கும் ஒரு வகுப்பு வேண்டும். தெலுங்கிலும் வடமொழியிலும் உரையாடத் தெரியாவிட்டாலும், ஓர் அடியின் கட்டமைப்பை அறியுமளவு அடிப்படை இலக்கணம் வேண்டும். இதைக் கற்பிக்க ஆளில்லை என்று திருவனந்தபுரம் சொல்ல முடியாது. தைக்காட்டில் இசைக் கல்லூரி. காரியவட்டத்தில் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை. நகரின் நடுவே வடமொழிக் கல்லூரி. எல்லாம் ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இருக்கின்றன. மொழியியல் முதுகலை முடித்து வேலை தேடும் நம் மாணவர்களுக்கும் ஒலிப்புப் பயிற்றுநர் என்ற ஒரு புதிய தொழில் கிடைக்கும்.

இசைத்துறையிலும் மொழித்துறைகளிலும் உள்ள நண்பர்கள், தங்கள் வகுப்பறைகளில் இது எவ்வாறு நடக்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைச் சேர்ந்து எழுதத் தொடங்க, அந்தக் குறிப்புகளே போதும்.