தாம்பரம் ரசிகரும் சின்னப் பசங்களும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து போகும் சென்னையின் எஃப்.சி. ரசிகரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அணி தோற்றிருந்தாலும், "புதுசா ஒரு பையன் வந்திருக்கான் சார், ரெண்டு வருஷம் பொறுங்க" என்பார். சிரிக்காதீர்கள், அவரிடம் ஆதாரம் இருக்கிறது.

2016இல் அனிருத் தாபா வந்தபோது அவருக்கு வயது 18. அடுத்த சீசனிலேயே (2017-18) கோப்பை வென்ற அணியில் இருந்தார், பின்னால் கேப்டனும் ஆனார். அதே சீசனில், 2018 மார்ச்சில், சென்னையில் நடந்த அரையிறுதியில் கோவாவுக்கு 3-0 என்று அடி. ஜெஜே இரண்டு கோல். இன்னொன்று யார்? வியாசர்பாடி தனபால் கணேஷ்! அந்த ராத்திரி கடைசி ரயிலில் வீடு திரும்பிய மனுஷன் எந்தப் பையனையும் நம்பத்தான் செய்வார்.

நம்பிக்கையில் தப்பில்லை. வளர்த்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. ஏழு சீசன் ஆடிய தாபா, 25 வயதில், ஆட்டம் முதிர்ந்து வரும் நேரத்தில், 2023இல் மோகன் பகானுக்குப் போனார். அதே ஆண்டு டுராண்ட் கோப்பையில் அந்த மோகன் பகானை ஒரே கோலில் சாய்த்தது நம்ம சென்னைப் பையன் நந்தகுமார். போட்டிருந்ததோ ஈஸ்ட் பெங்கால் சட்டை! பி.காம். பாஷையில் சொன்னால், முதலீடு சென்னையில், லாபம் கொல்கத்தாவில்.

புதுப் பையனை இறக்கும்போதே அவனை 25 வயதிலும் இங்கே வைத்திருக்க வழி யோசிக்க வேண்டாமா? ரசிகர் ரெண்டு வருஷம் பொறுக்கத் தயார். எட்டாவது வருஷம் அவன் எந்தச் சட்டையில் இருப்பான் என்று நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.