கண்ணைக் கேட்கும் மருந்து

காசநோய் தீராத நோயாயிருந்த காலம் போய்விட்டது. மருந்துக்கு அடங்கும் காசநோய், ஆறு மாதம் ஒழுங்காக மருந்துண்டால் தீரும். ஆதலின் மருந்தைக் கைவிடும்படி நாம் எவருக்கும் கூறவில்லை. அம்மருந்துகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு பேசுகின்றோம்.

எதம்பியூற்றோல் 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது. இலங்கையிற் சிகிச்சையின் முதலிரு மாதங்களில் வேறு மூன்று மருந்துகளுடன் இதனையும் கொடுக்கின்றனர். இந்தியாவிலோ ஆறு மாதமும் கொடுக்கின்றனர். இம்மருந்து சிலருடைய பார்வை நரம்பைத் தாக்கும். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கொடுக்கும்போது இக்கேடு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. 25 மில்லிகிராமாயின் ஐந்தாறு பேரைப் பற்றும். கிருமி செய்யும் கேடன்று இது. நாம் கொடுக்கும் மருந்து செய்வது. தடுக்கும் பொறுப்பும் கொடுப்பவரையே சாரும்.

கமக்காரர் இதிற் கருத்தூன்ற வேண்டிய காரணமொன்றுண்டு. இம்மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றது. சிறுநீரகம் பழுதுற்றவரின் உடலில் அது தேங்கிவிடும். அனுராதபுரத்திலும் வவுனியாவிலும் காரணம் துலங்காத சிறுநீரக நோய் வயலில் உழைப்போரையே பெரிதும் பீடிப்பதை யாரறியார்? அத்தகையவருக்கு இரத்தத்தைச் சோதியாமல் ஏனையோருக்குரிய அளவில் மருந்து கொடுப்பது அவர் கண்ணோடு விளையாடுவதாகும்.

கேடு வலியின்றி வரும். பெரும்பாலும் இரு கண்களிலும் வரும். சிவப்பும் பச்சையும் வெளிறித் தோன்றுவது அதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று. செடியிற் பழுத்த மிளகாய் காயினின்று பிரிந்து தெரியவில்லையெனிற் கமக்காரர் விழித்துக்கொள்ள வேண்டும். தாம் இட்ட சிவப்பு மைத் திருத்தம் மங்கினால் ஆசிரியர் விழித்துக்கொள்ள வேண்டும். வயது போய்விட்டது, கண்ணாடி மாற்றவேண்டும் என்று வாளாவிருப்போரே பலர். உடனே நிறுத்தினாற் பலருக்குப் பார்வை மெல்ல மீளும். தாமதித்தால் மீளாமலும் போகும்.

மருந்து தொடங்குமுன் எழுத்துப் பலகையாலும், யப்பானிய வைத்தியர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட வண்ணப் புள்ளி அட்டைகளாலும் கண்ணைச் சோதிக்கலாம். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நோயாளி மாத்திரையை விழுங்குவதை நேரிற் பார்த்து உறுதிசெய்ய ஒருவரை நியமிக்கும் முறை நம்மிடம் உண்டு. அவரே, “எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா? நிறம் பிரிகிறதா?” என்று நோயாளியின் மொழியிற் கேட்டாலென்ன?

ஐயம் தோன்றினால் அடுத்த தவணைவரை காத்திராது அன்றே மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லவேண்டும். எதம்பியூற்றோலை நிறுத்தி ஏனைய மருந்துகளைத் தொடர்வதெப்படி என்பதை வைத்தியர் முடிவுசெய்வார்.