சுருட்டை முடியும் ஒரு சொல்லும்

எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு நல்ல சுருட்டை முடி. வுழூச் செய்யப் பர்தாவை விலக்கும்போது "காப்பிலி" என்று கேலி செய்வோம். செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்தச் சொல்லின் வேரைத் தேடியபோது வெட்கமாகிவிட்டது. அரபியில் 'காபிர்' என்றால் இறைமறுப்பாளர். முஸ்லிமல்லாத ஆபிரிக்கர்களை அரபு வணிகர்கள் அப்படி அழைத்தார்கள். போர்த்துக்கேயர் அதை எடுத்துக் கறுப்பின மக்களுக்குப் பெயராக வைத்தார்கள். தமிழில் காப்பிரி, காப்பிலி என்றாயிற்று. நாம் ஓதும் மொழியிலிருந்து கிளம்பிய சொல்தான், கடைசியில் சக மாணவியின் முடியில் வந்து விழுந்திருக்கிறது.

அந்தப் பெயருக்கு உரிய மக்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். புத்தளத்துச் சிரம்பியடியைப் பலர் அறிவர். நமது திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அவர்களின் வழித்தோன்றல்கள் உண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவர்களின் முன்னோரை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தனர். பிரித்தானியரும் ஆபிரிக்கரைக் கொண்டு ஒரு படைப்பிரிவே வைத்திருந்தனர். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1344இல் வந்த இப்னு பதூதா, கொழும்பின் அதிபதியிடம் சுமார் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். அவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர்.

ஆனாலும் 2012 குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையில் பறங்கியர், மலாயர், செட்டி, பரதர் என்றெல்லாம் வரிசை உண்டு, இவர்களுக்கு இல்லை. 'ஏனையோர்' என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். மெக்சிக்கோவிலும் ஆபிரிக்க வழியினர் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தனர். 2019இல் அரசியலமைப்பு அவர்களை ஏற்றது. 2020 கணக்கெடுப்பில் கேள்வி கேட்டபோது 25 இலட்சத்துக்கும் அதிகமானோர் "நாங்கள்தான்" என்றார்கள். கொலம்பியாவில் 1993ஆம் ஆண்டின் 70ஆம் இலக்கச் சட்டம் காணி உரிமையையே கொடுத்தது. கேட்டால்தானே எண்ணிக்கை வரும். எண்ணிக்கை வந்தால்தானே உரிமை பேசலாம்.

"அவர்களே தங்களை அப்படித்தானே சொல்கிறார்கள்" என்று வாப்பா கேட்டார். உண்மைதான். சிரம்பியடியார் அந்தப் பெயரோடு மாஞ்சா பாடிப் பெருமைப்படுகிறார்கள். அவர்கள் வாயில் அது குலப்பெயர், எங்கள் வாயில் நக்கல். இரண்டும் ஒன்றா? சுற்றுலா பஸ்ஸில் பைலாவுக்குக் கைதட்டுகிறோமே, அந்தத் தாளத்திலும் அவர்களின் பங்கு இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் இவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது வேண்டும் என்பது என் கோரிக்கை. அது வரும்போது வரட்டும். அந்தத் தோழியிடம் போன கிழமை மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள். சிரிக்கவில்லை.