படகு வரும்னு மனை வாங்காதீங்க!

இங்கிலாந்துல கொட்டுற மழையில, ஏழடி அகலமே இருக்கற நீளப் படகுல நாள் முழுக்க நடை வேகத்துல கால்வாய்ல போற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதைக் காட்டி, "நம்ம மரக்காணத்துலயும் படகு வரப்போகுது சார், இப்பவே மனை வாங்கிப் போடுங்க"ன்னு ஒலக்கூர், திண்டிவனம் பக்கம் ஒரு புரோக்கர் சொன்னா, கொஞ்சம் நில்லுங்க.

ஆந்திராவிலிருந்து வர்ற பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்துலதான் முடியுது. ஒரு காலத்துல உப்பும் விறகும் படகுலதான் சென்னைக்குப் போச்சு. ரயிலும் லாரியும் சரக்கைப் பறிச்சிடுச்சு. 1965, 1966 புயல்கள் மிச்சத்தையும் சிதைச்சிடுச்சு. 2008-ல தேசிய நீர்வழி 4-ன்னு அறிவிச்சாங்க. அறிவிப்போட சரி. இங்கிலாந்துல படகு வச்சிருக்கறவங்க வருஷா வருஷம் உரிமக் கட்டணம் கட்டுறாங்க, அரசு மானியமும் இருக்கு. அதனாலதான் அங்க கரையும் மதகும் நிக்குது. இங்க அந்தச் செலவை யார் செய்யறது?

அதனால படகுக்காக சென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூட கூட்டித் தராதீங்க. பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம், ரெரா எண் எல்லாம் வழக்கம்போல பாருங்க. முக்கியமா, கடல் தண்ணி ஏறி இறங்குற கால்வாய் இது. மனை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள வந்தா வீடு கட்டவே சிக்கல்.

சைட் காட்ட பங்குனி வெயில்லதான் கார் அனுப்புவாங்க. நீங்க கார்த்திகை மழையில, திண்டிவனத்துல பஸ் ஏறித் தனியாப் போங்க. தண்ணி எதுவரைக்கும் நிக்கும்னு உப்பளத்துல வேலை செய்யறவங்களைக் கேளுங்க. மழைக்காலத்துல அவங்களுக்கு வேலை இருக்காது, நிதானமாப் பேசுவாங்க.