மரை கழண்டால் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?



எங்கள் பழைய மாருதி 800-ஐ விற்றுவிடச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிப்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அதற்குத் தோதாக, இன்ஜின் பக்கம் 'டப் டப்' என்று சத்தம். காருக்குள் புகை வாடை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் ஒன்று ஆடியது. ஹெட்டில் மரை போய்விட்டது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில், "ஹெட்டையே மாத்தணும் சார்" என்றார்கள். இன்னொரு இடத்தில், "பசை போட்டு இறுக்கிடலாம்" என்றார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, துருவும் ஏறிய பிறகு பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் அலுமினிய மரைதான் வழுக்கும். பசை அந்தச் சூட்டைத் தாங்காது. கசிவோடு ஓட்டுவதும் ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

கடைசியில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவரிடம் போனேன். 8 மி.மீ. ஸ்டட்டுக்கான துளையை 8.3 மி.மீ. ட்ரில்லால் நேராகப் பெரிதாக்கினார். ஆழம் மீறாமல் இருக்க ட்ரில்லில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டார். அதற்கென்றே உள்ள டேப்பால் புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்னும் எஃகுச் சுருளை உள்ளே ஏற்றினார். புது ஸ்டட், புது கேஸ்கெட். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக இறுக்கினார். பழைய அலுமினிய மரையைவிட இப்போதுள்ள மரை உறுதியானது.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று உறுத்தியது. வகுப்பில் கணக்கு வராத பிள்ளைகளை "மரை கழண்ட கேஸ்" என்று நான் கேலி செய்ததுண்டு. இவரையும் சொல்லியிருக்கிறேன். அதை அவரிடமே சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "எல்லா சாரும்தான் சொன்னாங்க, விடுங்க சார்" என்று கை கழுவப் போய்விட்டார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, ஹெட்டை மாற்றச் சொன்னால், மரை போட முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, அந்த வார்த்தையை மட்டும் வகுப்பில் சொல்லாதீர்கள்.