மறக்கப்படும் இரண்டாவது கொலை

துப்பறியும் கதைகளைப் பற்றிப் பேசுவோர் பொதுவாக இரு சாராராகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் அவற்றை இலக்கியத்தின் வாசலுக்கே வரத்தகாத மலினப் பண்டங்கள் என ஒதுக்கிவிடுவர். மற்றைய சாரார் அவை மூளைக்குப் பயிற்சி தரும் தீங்கற்ற பொழுதுபோக்குகள் என்பர். சதுரங்க ஆட்டத்தை அறவியல் கொண்டு அளக்கலாகாதவாறே இவற்றையும் அளக்கலாகாது என வாதிடுவர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், முடிவில் ஒரே இடத்திற்கே வந்து சேர்கின்றன. துப்பறியும் கதையைப் பொருட்படுத்தி ஆராய வேண்டியதில்லை என்பதே அம்முடிவு. மரணத்தையும் நீதியையும் பற்றிய எண்ணங்களை மிகப் பலர் இத்தகைய கதைகளினூடாகவே பெறுகின்றனர். அந்நிலையில், இந்த அலட்சியம் விமர்சகருக்கு உரிய மனப்பாங்கு அன்று.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘கொலம்போ’வின் ஓர் அத்தியாயம். ரிச்சட் லெவின்சன், வில்லியம் லிங்க் ஆகிய இருவரும் படைத்த அத்தொடர், 1968 இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படமாக அறிமுகமாகி, 1971 இல் ஒழுங்கான தொடராகியது. அவ்வாண்டு செப்டெம்பர் 15 ஆம் திகதி ஒளிபரப்பான ‘மேர்டர் பை த புக்’ என்னும் அத்தியாயத்தை எழுதியவர் ஸ்ரீவன் பொச்கோ. இயக்கியவர் அப்போது 24 வயதே நிரம்பியிருந்த ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க். தட்டச்சுப் பொறியின் ஓசை மட்டும் ஒலிக்க, ஒரு மோட்டார் வாகனம் நகரத்தினூடே வருவதைக் காட்டும் அதன் தொடக்கம் இன்றும் வியந்து பேசப்படுகின்றது.

கதை இதுதான். கென் பிராங்ளின், ஜிம் பெரிஸ் என்னும் இருவர் தம்மிருவர் பெயராலும் துப்பறியும் நாவல்களை வெளியிட்டுப் பெரும் புகழடைந்தவர்கள். உண்மையில் எழுதுபவன் பெரிஸ் ஒருவனே. பிராங்ளின் செய்வதெல்லாம் பேட்டி கொடுப்பதும், விருந்துகளிற் கலந்துகொள்வதும், பணத்திற் பாதியைப் பெற்றுக்கொள்வதுமே. பெரிஸ் இக்கூட்டை முறித்துத் தனித்து எழுத விரும்புகிறான். உழைப்பவன் விலகினால் உழையாதவனின் வாழ்வு குலையும். உழைப்பவன் இறந்தாலோ காப்புறுதிப் பணம் கிடைக்கும். பிராங்ளின் அவனைச் சான் டியாகோவுக்கு அண்மையிலுள்ள தன் ஓய்வு மனைக்கு அழைத்துச் செல்கிறான். அலுவலகத்திலிருந்தே பேசுவதாக மனைவிக்குத் தொலைபேசியிற் கூறச் செய்து, பேச்சின் நடுவிலேயே அவனைச் சுடுகிறான். வெடியோசையைக் கேட்ட மனைவி, கணவன் லொஸ் ஏஞ்சலிஸ் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டான் என நம்புகிறாள்.

ஆயினும் ஒருத்தி உண்மையை அறிவாள். ஓய்வு மனைக்கு அருகே சிறு கடையொன்றை நடத்தும் லிலி லா சங்கா, பிராங்ளினின் வாகனத்தில் மற்றொருவர் இருந்ததைக் கண்டுவிடுகிறாள். அவள் பணம் கேட்கிறாள். பிராங்ளின் அவளோடு காதல் பேசி, விருந்துண்டு, சம்பேன் போத்தலால் அடித்துக் கொன்று, படகு விபத்தாகத் தோன்றும்படி ஏரியில் விட்டுவிடுகிறான்.

இவ்வத்தியாயத்தைக் கண்டு முடிக்கும் பார்வையாளரின் எதிர்வினைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். கொலையாளி யாரென்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால் மர்மம் எங்கே என்பது முதலாவது. பீற்றர் ஃபால்க்கின் கசங்கிய மழைச்சட்டையும் ஜக் கசிடியின் ஏளனச் சிரிப்பும் மோதும் நடிப்பைப் புகழ்வது இரண்டாவது. இறுதியிற் காட்டப்படும் சான்று நீதிமன்றத்தில் நிற்குமா என ஐயுறுவது மூன்றாவது. இம்மூன்றும் நேர்மையான எதிர்வினைகளே. ஆனால், நான்காவதாக எழுந்திருக்க வேண்டிய கேள்வியொன்று எழுவதேயில்லை. லிலி லா சங்காவின் மரணத்திற்கு யார் பொறுப்பேற்றார்? அவளுக்காக யார் துக்கித்தார்?

முதலாவது எதிர்வினைக்கு விடை கூறுதல் எளிது. கொலையை முன்னரே காட்டிவிட்டுத் துப்புத் துலங்கும் விதத்தைப் பின்னர் விரிக்கும் முறை புதியதன்று. ஆங்கில எழுத்தாளர் ஒஸ்ரின் ஃப்ரீமன் 1912 இல் வெளியிட்ட ‘பாடும் எலும்பு’ தொகுதியிலேயே அதனைக் கையாண்டார். ‘யார்’ என்ற கேள்வியை நீக்கிவிட்டால், ‘எவ்வாறு’, ‘ஏன்’ என்ற கேள்விகளுக்கு இடம் பிறக்கின்றது. கொலையுண்பவர் வெறும் சடலமாக அறிமுகமாகாமல், உயிருள்ள மனிதராக, ஆசைகளோடும் பிழைகளோடும் நம்முன் நடமாடவும் வாய்ப்பு ஏற்படுகின்றது. லிலி அவ்வாறே நடமாடுகிறாள். பார்பரா கொல்பியின் நடிப்பில் அவளுடைய தனிமையும், புகழ்பெற்ற எழுத்தாளன் தன்னைப் பொருட்படுத்துகிறான் என்ற மகிழ்ச்சியும் தெளிவாகப் புலனாகின்றன. அவள் சாகப்போகிறாள் என்பதைப் பார்வையாளர் அறிவர்; அவள் அறியாள். மர்மத்தினால் விளையும் பரபரப்பினும் ஆழமான உணர்வு இது. ஆகவே குறை இவ்வடிவத்தில் இல்லை. அவ்வடிவம் திறந்துவிட்ட கதவைக் கதையே பின்னர் மூடிவிடுவதிலேதான் குறை உள்ளது.

எவ்வாறு மூடப்படுகின்றது என்பதை இறுதிக் காட்சி காட்டும். முதற் கொலை நுட்பமானது, இரண்டாவது கொலையோ ஒழுங்கற்றது. ஆகவே முதலாவதன் திட்டம் பிராங்ளினின் மூளையில் உதித்திருக்க முடியாது என்பதே கொலம்போவின் தருக்கம். பெரிஸின் தாள்களிடையே அத்திட்டம் கதைக் குறிப்பாக எழுதப்பட்டிருப்பதை அவர் கண்டெடுக்கிறார். அப்போது பிராங்ளின் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். ஆனால் அவன் முதன்மைப்படுத்துவது குற்றத்தை அன்று. அச்சிந்தனை தன்னுடையது, தன் வாழ்வில் உதித்த ஒரேயொரு நல்ல சிந்தனை அதுவே என்று உரிமை கோருகிறான். அருமையான முரண்நகை இது என்பதில் ஐயமில்லை. பிறனுடைய உழைப்பைத் தன் பெயரில் விற்று வாழ்ந்தவன், தன்னுடையதென்று கூறக்கூடிய ஒன்றே ஒன்றினால் அகப்படுகிறான். ஆயின் அந்த முரண்நகையின் நிழலில் நடப்பது யாது? ஒரு பெண்ணின் கொலை, முந்திய கொலையோடு ஒப்பிட்டுத் தரம் குறைந்தது எனப் புள்ளியிடப்படுகின்றது. கொலை ஒரு கலைப்படைப்பாகவும், துப்பறிபவர் அதன் திறனாய்வாளராகவும், கொலையுண்டவள் தோல்வியுற்ற வரைவாகவும் ஆகிவிடுகின்றனர்.

இத்தொடரின் ஆதரவாளர் ஒரு மறுப்பை முன்வைக்கக்கூடும். ‘கொலம்போ’ வர்க்க உணர்வுடைய தொடர் என்பர் அவர். பழைய பெஜோ வண்டியில் வரும் எளிய உத்தியோகத்தர், மாளிகைவாசிகளான செல்வரையும் புகழாளரையும் அவர்களது ஆணவத்தினாலேயே வீழ்த்துகிறார் அல்லவா? உண்மை. அத்தொடரின் கவர்ச்சியிற் பெரும்பங்கு இதிலேயே தங்கியுள்ளது. ஆனால் இந்தச் சமத்துவம் துப்பறிபவரின் மழைச்சட்டையோடு நின்றுவிடுகின்றது என்பதே குற்றச்சாட்டு. எழுத்தாளனின் மனைவியிடம் கொலம்போ காட்டும் பரிவு நெஞ்சைத் தொடுவது. துயரத்தில் ஆழ்ந்திருக்கும் அவளுக்குத் தம் கையாலேயே முட்டை பொரித்துக் கொடுக்கிறார். கடைக்காரிக்கு அத்தகைய காட்சி எதுவும் இல்லை. அவளுக்காக அழுவோர் எவரும் திரையில் வருவதில்லை. உருவத்தாலும் பேச்சாலும் கொலம்போவின் உலகத்திற்கு அண்மையில் நிற்பவள் அவளே. அவளே கதையில் மிக மலிவாகச் செலவழிக்கப்படுகிறாள்.

அவள் மிரட்டிப் பணம் பறிக்க முனைந்தவள். ஆகவே அவள்மீது இரக்கம் எழாதது இயல்பே என்று சிலர் கூறுவர். இவ்விடையே நோயின் அறிகுறி. பேராசைக்குத் தண்டனை மரணம் என எந்த நீதிநூலும் விதிக்கவில்லை. பிராங்ளினின் பேராசையை வசீகரம் என இரசிக்கும் பார்வையாளர், லிலியின் பேராசையை அவளது மரணத்திற்குப் போதிய காரணமாகக் கொள்வாராயின், அவர் ஒரு தராசில் இரு படிக்கற்களைப் பயன்படுத்துகிறார். அப்படிக்கற்களை அவர் கையிற் கொடுத்தது கதையே.

இங்கு ஒப்புநோக்கத்தக்க பேரிலக்கியம் ஒன்று உண்டு. கொலம்போவின் பாத்திரத்திற்குத் தொஸ்தோயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வரும் பொர்பீரி என்னும் விசாரணையாளன் முன்மாதிரி என்பதை லெவின்சனும் லிங்கும் ஒப்புக்கொண்டுள்ளனர். 1866 இல் வெளிவந்த அந்நாவலிலும் இரண்டாவது கொலை உண்டு. வட்டிக்காரக் கிழவியைத் திட்டமிட்டுக் கொன்ற ரஸ்கோல்னிகொவ், எதிர்பாராது வந்த அவளுடைய சகோதரி லிசவெத்தாவையும் கொன்றுவிடுகிறான். அவனும் அவளை மறக்கிறான். தான் அவளை ஏறத்தாழ நினைப்பதேயில்லை என்பதை உணர்ந்து அவனே வியக்கிறான். ஆனால் நாவல் அவளை மறக்கவில்லை. சோனியா அவனுக்கு வாசித்துக் காட்டும் விவிலியம் லிசவெத்தா கொடுத்தது. சோனியா அணியும் செப்புச் சிலுவையும் அவளுடையதே. சைபீரியச் சிறையில் அவனது தலையணையின் கீழ் இருப்பதும் அதே விவிலியமே. பொருட்படுத்தப்படாத ஓர் ஏழைப் பெண்ணின் மரணம், கொலையாளியின் மீட்சிக்குள்ளேயே நுழைந்து நின்று கணக்குக் கேட்கின்றது. தொஸ்தோயெவ்ஸ்கியிடமிருந்து விசாரணையாளனை எடுத்துக்கொண்ட தொடர், லிசவெத்தாவை எடுத்துக்கொள்ளவில்லை. பொர்பீரியின் சாதுரியம் கைமாறிற்று. அதற்குப் பொருள் கொடுத்த அறவுணர்வு கைமாறவில்லை.

எழுபது நிமிடங்களை எட்டும் ஒரு தொலைக்காட்சிக் கதையிடம் பெருநாவலின் ஆழத்தை எதிர்பார்ப்பது நியாயமா என வினவலாம். இவ்வினா பொருந்தாது. கோரப்படுவது ஆழமன்று, ஒரு காட்சி, ஒரு வசனம், ஒரு கணநேர மௌனம். மனைவிக்கு முட்டை பொரிக்க நேரம் இருந்த கதையில், கடைக்காரியின் பூட்டிய கடையை ஒருமுறை காட்டவும் நேரம் இருந்திருக்கும். நேரமின்மையன்று காரணம். அவளுடைய மரணம் சான்றாகப் பயன்பட்டு முடிந்தவுடன், கதைக்கு அவள் தேவைப்படவில்லை என்பதே காரணம்.

துப்பறியும் கதைகளைத் தடைசெய்ய வேண்டும் என்றோ, அவற்றை இரசிப்போர் இழிந்தோர் என்றோ இதனாற் பெறப்படாது. ‘மேர்டர் பை த புக்’ தன் வகையிற் சிறந்த படைப்பு. சிறந்த படைப்பாதலாலேயே அதன் குறையும் கவனத்திற்குரியதாகின்றது. மட்டமான கதையொன்று இரண்டாவது பிணத்தை மறந்தால் எவரும் வியவார். திறமை மிக்க எழுத்தும் இயக்கமும் நடிப்பும் ஒருங்கிணைந்த இடத்திலும் அம்மறதி நிகழும்போது, அது தனியொருவரின் கவனக்குறைவன்று, அவ்வகைக் கதைகளின் பழக்கம் எனத் தெளிவாகின்றது. பழக்கங்கள் கேள்விக்குட்படுத்தப்படும்போதே மாறும். துப்பறியும் கதையைப் பயில்வோரும் பயிற்றுவோரும் கொலையாளி எவ்வளவு கெட்டிக்காரன் என்று கேட்பதோடு அமையாது, கதை முடிந்த பின்னர் கணக்கில் விடுபட்டவர் யார் என்றும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கும் பார்வையாளர் பெருகும்வரை, பிராங்ளினின் ஒரேயொரு நல்ல சிந்தனை நினைவுகூரப்படும். லிலி லா சங்காவின் பெயர் நினைவுகூரப்படாது.